புடையன் கடித்தால் கட்டாதீர்கள்

வன்னியில் காயத்துக்குக் கட்டுப்போடத் தெரியாத வீட்டைக் காண்பது அரிது. செல்லடிக் காலத்தில் சாரத்தைக் கிழித்து, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, ஒரு தடியைச் செருகி முறுக்கி, பீறிட்ட இரத்தத்தை நிறுத்திய அனுபவம் நடுவயதைத் தாண்டிய பலருக்கு உண்டு. அப்படி ஒரு கட்டினால் உயிர் தப்பியவர்கள் இன்றும் எங்கள் ஊர்களில் நடமாடுகிறார்கள். அதே கைகள்தான், வயலில் ஒருவரைப் பாம்பு கடித்தாலும் உடனே கயிற்றைத் தேடுகின்றன. பக்கத்தில் நிற்பவருக்குப் பதைப்பு. ஏதாவது செய்தாக வேண்டும். கைக்குப் பழகிய உதவி எதுவோ அதையே செய்துவிடுகிறார்.

செல் துண்டு வெட்டிய காலில் ஆபத்து வெளியே போகும் இரத்தம். கட்டு அதை மறிக்கிறது. பாம்பு கடித்த காலில் ஆபத்து உள்ளே போன விஷம். அதையும் அப்படியே மறித்துவிடலாம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் விஷம் நாம் நினைக்கும் வழியால் போவதில்லை.

பாம்பின் விஷம் பெரும்பாலும் புரதங்களால் ஆனது. அவற்றுள் பல பெரிய மூலக்கூறுகள். தோலுக்கடியில் ஊசிபோல இறங்கிய விஷத்தில் பெரும்பகுதி நேராக இரத்தக் குழாய்க்குள் நுழைய முடியாமல், திசுக்களுக்கு இடையில் தேங்கி, நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் மெதுவாக மேலேறுகிறது. நிணநீருக்கென்று தனி இதயம் கிடையாது. சுற்றியுள்ள தசை இறுகித் தளரும்போதுதான் அது வேகமாக நகரும். கடிபட்டவர் ஓடினால், நடந்தால், சைக்கிள் மிதித்தால், ஒவ்வோர் எட்டும் கைப்பம்பியை ஒருமுறை அழுத்தியது போலாகும். அவரைக் கிடத்திக் காலை அசையாமல் வைத்தால் அந்த ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். வரம்பில் கிடக்கும் இரண்டு தடிகளை முழங்காலுக்கு மேலிருந்து பாதம்வரை இருபுறமும் வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றிவிட்டால் போதும். எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோலவே செய்ய வேண்டும். முதலுதவியில் உள்ள செய்முறை இவ்வளவுதான். மோதிரம், காப்பு, கொலுசு எதுவானாலும் கடிபட்ட உறுப்பில் இருப்பதைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்த பிறகு அவை கழலாது, சதையை அறுக்கும்.

இறுகக் கட்டினால் என்ன நடக்கிறது? கட்டுக்குக் கீழே இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. கண்ணாடி விரியனின் விஷம் கடித்த இடத்துத் தசையையும் நாளங்களையும் ஏற்கெனவே சிதைத்துக்கொண்டிருக்கும். அங்கே பிராணவாயுவும் இல்லாமற் போனால் கால் அழுகத் தொடங்கும். இறுகிய கட்டை யாராவது சட்டென்று அவிழ்த்தால், தேங்கிய விஷம் மொத்தமாக உடம்புக்குள் பாயும். அதனால்தான் கட்டோடு வருபவரை வைத்தியர்கள் உடனே அவிழ்ப்பதில்லை. சேலைன் ஏற்றி, மருந்தெல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் கட்டில் கை வைப்பார்கள்.

அவுஸ்திரேலியாவில் ஸ்ட்ரூவன் சதர்லாந்து 1979இல் முன்வைத்த அழுத்தக் கட்டைப் பற்றிப் படித்தவர்கள் சிலர் கேட்கக்கூடும். அது கயிற்றுக்கட்டு அல்ல. அகலமான மீள்துணியால் முழு உறுப்பையும் சீராகச் சுற்றித் தடி வைப்பது. நரம்பைத் தாக்கும் விஷம் கொண்ட அந்த நாட்டுப் பாம்புகளுக்கு அது பொருந்துகிறது. கடித்த இடத்தையே அரிக்கும் விரியன்கள் நிறைந்த எங்கள் வயல்களில், அளவான அழுத்தம் தெரியாமல் செய்தால் தீங்குதான் மிஞ்சும். ஊர்க்கூட்டத்தில் அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கண்ணாடி விரியனை எங்கள் பக்கத்தில் புடையன் என்பார்கள், முதுகில் முத்திரை குத்தினாற்போல் வட்டங்கள் இருப்பதால் முத்திரைப் புடையன் என்றும் சொல்வதுண்டு. இலங்கையின் உலர்வலயத்தில் விவசாயிகளை அதிகம் வீழ்த்துவது இதுதான். எலி இருக்கும் இடத்தில் இது இருக்கும், நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். காலபோக அறுவடையில் இதன்மேல் கால் படுவதற்குத் தனியாகத் துரதிர்ஷ்டம் எதுவும் வேண்டியதில்லை.

அதன் விஷம் செய்வது விசித்திரமான வேலை. எங்கள் இரத்தத்தில் உறைதலைத் தொடக்கிவைக்கும் புரதங்கள் வரிசையாக, ஒன்றை ஒன்று எழுப்பக் காத்திருக்கும். வெட்டுக்காயம் பட்டால் மட்டுமே அந்த வரிசை எழும்ப வேண்டும். புடையன் விஷத்தில் உள்ள நொதிகள் பத்தாம், ஐந்தாம் உறைகாரணிகளைக் காயம் இல்லாமலே எழுப்பிவிடுகின்றன. உடம்பெங்கும் நுண்ணிய உறைவுகள் உண்டாகி, பைபிரினோஜன் என்ற உறைபுரதம் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. பிறகு உண்மையான காயம் ஒன்று வந்தால் உறைவதற்கு எதுவும் மிச்சமில்லை. பல்முரசால் இரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும், சிலருக்கு மூளைக்குள்ளேயே கசிந்துவிடும். இந்த நிலையில் உள்ளவரின் காலை பிளேடால் கீறிவிடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. கீறிய காயம் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். வாயால் உறிஞ்சுவதும் பயனற்றது. மனிதரின் கீழ்க்காலில் கதிரியக்கம் கலந்த போலி விஷத்தை ஏற்றி, கடையில் விற்கும் உறிஞ்சு கருவியால் இழுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. ஏற்றியதில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறைந்தது.

இதே விஷத்தை மிகச் சிறிய அளவில் நீர்த்து, பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காத ஹீமோபிலியா நோயாளிக்கு 1934இல் இங்கிலாந்தில் மக்ஃபார்லேன், பார்னெட் என்ற இருவர் பூசிப் பார்த்தார்கள். இரத்தம் நின்றது. இன்றும் இரத்த ஆய்வுகூடங்களில் ஒரு சோதனைக்குப் புடையன் விஷம்தான் வேண்டும். கொல்லும் பொருளின் வேலையை அறிந்துகொண்டால் அதை எப்படி எதிர்ப்பது என்பதும் தெரியவரும். அதை வைத்தியசாலையின் விடுதியிலேயே பார்க்கலாம்.

கடிபட்டவர் வந்ததும் தாதி இரண்டு மில்லிலீற்றர் அளவு இரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் நிறுத்தி, நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். இருபது நிமிடம் யாரும் அதைத் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. நேரம் முடிந்ததும் ஒரே ஒருமுறை சரித்துப் பார்ப்பார். ஆரோக்கியமான இரத்தம் கட்டியாகிக் குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்போலச் சரிந்து ஓடினால் உறைபுரதம் தீர்ந்துவிட்டது, விஷ முறிவு ஊசி போட்டாக வேண்டும் என்று அர்த்தம். குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கண்ணாடியின் மேற்பரப்பு தானே உறைதலைத் தூண்டிவிடும், பிளாஸ்டிக் அப்படித் தூண்டாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஏமாற்றிவிடும், நல்ல இரத்தமும் அதில் உறையாமல் நிற்கும். மின்சாரமோ இயந்திரமோ இல்லாத சிறிய வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய சோதனை இது. இருபது நிமிடம் நோயாளியின் சொந்தக்காரர்களுக்கு யுகமாகத்தான் இருக்கும். "ஏன் இன்னும் ஊசி போடேல்லை?" என்று சத்தம் போடுவதையும் கேட்கலாம். அந்தக் குழாயின் பதில் இல்லாமல் ஊசியைத் தொட வைத்தியருக்குத் தயக்கம் இருப்பதற்கும் நியாயம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

எட்டடி விரியன் வேறு மாதிரி. பெயரில் விரியன் இருந்தாலும் இது நாகத்தின் இனம். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் சாதுவாகச் சுருண்டு கிடக்கும், இரவில் வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரைக் கடிக்கும். கடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது. நுளம்பு கடித்த மாதிரிகூட இருக்காது, வீக்கம் இல்லை, பல்தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலியோடு எழும்புவார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். சற்று நேரத்தில் இமைகள் தாழும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு மேலோட்டமாகும். நிலத்தில் படுத்தவருக்கு விடியலில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைத் தளர்ச்சியும் வந்தால், பாம்பை யாரும் காணாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எண்ணி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதன் விஷம் நரம்பு முனைகளைத் தாக்குகிறது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் இரசாயனப் பொதிகள் தீர்ந்து, முனையே அழிந்துபோகிறது. அழிந்த முனையை எந்த ஊசியாலும் திருப்பித் தர முடியாது, உடம்பே புதிதாக வளர்த்தெடுக்க வேண்டும். அதுவரை செயற்கைச் சுவாச இயந்திரம் மூச்சு விட வேண்டும். 1996-98 காலத்தில் அனுராதபுரத்தில் எட்டடி விரியன் கடித்த 210 பேரைப் பேராசிரியர் குலரத்ன தொடர்ந்து கவனித்தார். பெரும்பாலானவர்கள் இரவில் நிலத்தில் படுத்திருந்தவர்கள், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இயந்திரச் சுவாசம் தேவைப்பட்டது. இந்தக் கடியில் உறவினர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. கண் திறக்காமல், விரல் அசையாமல், கூப்பிட்டால் பதிலில்லாமல் கிடப்பவருக்கு நினைவு இருக்கலாம். காது கேட்கலாம். அவர் பக்கத்தில் நின்று "முடிஞ்சுது" என்று ஒப்பாரி வைக்க வேண்டாம். இயந்திரம் தாங்கிப் பிடித்தால் சில நாளில் எழும்பி உட்காருவார்.

தடுப்பதற்கும் வழி எளியது. நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் செய்த ஆய்வு, நுளம்பு வலைக்குள் படுத்தவர்களுக்கு இரவுக்கடி மிகமிகக் குறைவு என்று காட்டியது. வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிவிட வேண்டும். யானைக்கும் பன்றிக்கும் காவலாகக் கொட்டிலில் இரவைக் கழிப்பவர்களுக்கும், வீட்டுத்திட்டம் முடியாமல் தகரக் கொட்டிலில் படுக்கிறவர்களுக்கும் கட்டிலும் வலையும் கிடைக்கச் செய்வது மருந்து வாங்குவதற்குச் சமமான சுகாதார வேலை என்று நான் நினைக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நல்லபாம்பின் கடி கடுமையாக வலிக்கும், வீங்கும், சதை கறுத்து அழுகும். கரையோர மணல்வெளியில் உள்ள சுருட்டைப் பாம்பு வட இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் உள்ள அதன் உறவினரைப் போலக் கொடியது அல்ல. யாழ்ப்பாணத்தில் ஆராய்ந்தபோது அதன் கடி பெரும்பாலும் மிதமாகவே இருந்தது. ஆனாலும் கடித்தது சுருட்டையா புடையன்குட்டியா என்று இருட்டில் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

இனிப் பரியாரியாரைப் பற்றி. களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-13இல் நாடு முழுவதும் 44,136 வீடுகளுக்கு நேரே போய்க் கணக்கெடுத்தார்கள். வைத்தியசாலைப் பதிவில் இல்லாத கடிகளும் அதில் அகப்பட்டன. அவர்கள் மதிப்பீட்டின்படி இலங்கையில் ஓராண்டில் 80,000க்கு மேற்பட்ட பாம்புக்கடிகள். அவற்றுள் விஷம் குறிப்பிடத்தக்க அளவு ஏறியவை 30,000 அளவில். இறப்பு 400க்கு மேல். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடிபட்ட நூறு பேரில் அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு விஷமே பெரிதாக ஏறவில்லை. கடித்தது சாரைப்பாம்பாகவோ தண்ணீர்ப்பாம்பாகவோ இருந்திருக்கும், அல்லது விஷப்பாம்பு விஷம் விடாமல் கடித்திருக்கும். இந்த அறுபது பேரும் யாரிடம் போனாலும் பிழைப்பார்கள். பார்வை பார்த்தவரிடம் போனால் பார்வை பலித்தது என்பார்கள், விஷக்கல் வைத்தவரிடம் போனால் கல் உறிஞ்சியது என்பார்கள். விஷக்கல் என்பது பெரும்பாலும் கருக்கிய எலும்பு. அதன் நுண்துளைகள் ஈரத்தை இழுப்பதால் காயத்தில் ஒட்டிக்கொள்கிறது, காய்ந்ததும் விழுகிறது. பரியாரியார் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தன் கண்ணால் கண்டதைத்தான் அவர் நம்புகிறார். அவர் கண்ட நூறு பேரில் பெரும்பான்மையோர் உண்மையிலேயே எழும்பி நடந்தார்கள். மிச்சமுள்ளவர்களுக்கு அந்த ஒன்றிரண்டு மணி நேரம் திரும்பி வராது.

புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் நேர்த்தி வைக்கிற வழக்கம் எங்கள் வாழ்க்கையோடு கலந்தது. நேர்த்தியை அம்புலன்சில் இருந்துகொண்டும் வைக்கலாம். பொங்கலைச் சுகமாகி வந்து பொங்கலாம்.

ஊசிக்கு வருவோம். 1891இல், இன்றைய வியட்நாமில், வெள்ளத்தோடு ஊருக்குள் புகுந்த நாகங்கள் பலரைக் கடித்தன. அப்போது சைகோனில் இருந்த பிரெஞ்சு வைத்தியர் அல்பேர் கல்மெத் அந்த விஷத்தை ஆராயத் தொடங்கினார். சில ஆண்டுகளில், விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பழக்கிய விலங்கின் குருதிநீரை மருந்தாக்கினார். இன்றும் அடிப்படை அதேதான், பழக்கப்படுவது குதிரை. இலங்கை வைத்தியசாலைகள் நெடுங்காலமாகப் பாவிப்பது இந்தியாவில் தயாராகும் மருந்து. நல்லபாம்பு, எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்ற நான்குக்கும் எதிரானது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மல்லாவியில் ஒரு விவசாயியின் நரம்பில் ஏறும் மருந்து செங்கல்பட்டுக் காட்டில் ஓர் இருளரின் கையில் தொடங்குகிறது என்பதை எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் எழுத வேண்டும்.

குறையும் உண்டு. ஒரே இனப் பாம்பானாலும் இடத்துக்கிடம் விஷம் மாறும். இலங்கைப் புடையன் இரத்தத்தைக் கெடுப்பதோடு நரம்பையும் தொட்டு இமையைத் தளரச் செய்யும், இந்தியாவின் பல பகுதிகளில் அது அவ்வளவாகக் காணப்படுவதில்லை. ஒருவருக்குப் பத்து இருபது குப்பிகள்வரை தேவைப்படுகிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், பாம்பு குழந்தைக்கென்று குறைத்து விஷம் விடுவதில்லையே. இதைவிடப் பெரிய சிக்கல் குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. அரிப்பு, நடுக்கம் முதல் மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சிவரை போகலாம். 2011இல் வெளிவந்த இலங்கை ஆய்வில் 1,007 நோயாளிகளுள் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒருவகை எதிர்விளைவு வந்தது. ஊசிக்கு முன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான விளைவுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன என்பதையும் அதே ஆய்வு நிறுவியது. கடிபட்ட எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடாததற்கும், கண்ணாடிக் குழாயின் முன் வைத்தியர் காத்திருப்பதற்கும் காரணம் இதுதான். விஷம் ஏறாத அறுபது பேரையும் இந்த ஆபத்துக்கு ஆளாக்கக் கூடாது.

ஊசி இரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும், நடந்த சேதத்தைத் திருப்பாது. ஆகவே எல்லாம் நேரத்தில் தங்கியிருக்கிறது, வன்னியில் நேரம் என்றால் தூரம். துணுக்காய், ஒட்டுசுட்டான், கொக்கிளாய், நெடுங்கேணி உட்புறங்களிலிருந்து ஏ-9 வீதிக்கு வருவதே ஒரு பயணம். 1990 இலக்க அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடமாகாணத்துக்கு வந்தது, காசில்லை. அது வந்துசேர நேரம் எடுக்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள் போதும். நேபாளத்தில் ஊர்த் தொண்டர்கள் கடிபட்டவரை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, மோட்டார் சைக்கிளில் நேரே சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தை நடத்தினார்கள். விழிப்புணர்வும் சேர்ந்து, அந்த ஊர்களில் கடிபட்டோரின் இறப்பு வீதம் நூற்றுக்குப் 10.5 இலிருந்து 0.5 ஆக இறங்கியது. எங்கள் கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் இதைச் செய்ய வெளிநாட்டு நிதி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த வீட்டில் மோட்டார் சைக்கிள், இரவில் யாரை எழுப்புவது, விஷ முறிவு ஊசி உள்ள அண்மையான வைத்தியசாலை எது, அதன் தொலைபேசி இலக்கம் என்ன என்று ஒரு மட்டையில் எழுதிச் சங்கக் கடையில் ஒட்டினால் தொடங்கிவிடலாம்.

பாம்பைத் துரத்தி அடித்துக் கொண்டுவர வேண்டாம், அதில் இன்னொருவர் கடி வாங்குவார். தூரத்தில் நின்று தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் நல்லது. கடித்த நேரம், முதல் வாந்தி எப்போது, இமை எப்போது தாழ்ந்தது, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், பூசிய குடித்த மருந்து எல்லாவற்றையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வழியில் சாராயம் கொடுக்கக் கூடாது. வலிக்கு அஸ்பிரின் கூடாது, அது இரத்தக்கசிவைக் கூட்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

முதல் குழாயில் இரத்தம் உறைந்துவிட்டால், "ஒண்டுமில்லை, வீட்டை போவம்" என்று கடிபட்டவரே அவசரப்படுவார். மாடு கட்டவேண்டும், வெட்டு மெசின் நாளைக்கு வருகிறது. போக விடாதீர்கள். விஷம் மெதுவாக ஏறுவதால் சிலருக்கு உறைதல் பல மணி நேரம் கழித்தே கெடும். ஈரல் புதிய உறைபுரதத்தை உண்டாக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேண்டும் என்பதால், ஊசி போட்டவர்களுக்கும் ஆறு மணிக்கொருமுறை குழாய்ச் சோதனையைத் திருப்பிச் செய்கிறார்கள். குறைந்தது 24 மணி நேரம் விடுதியில் இருக்க வேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகும், சிறுநீர் குறைந்தால், நிறம் மாறினால், முகம் ஊதினால் மறுபடி போக வேண்டும். புடையன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவது சில நாள் கழித்துத் தெரியவரும்.